தயக்க ஆபீஸ்

பெரியம்மை வராமலிருக்கக் குழந்தைகளுக்கு அம்மை குத்துவது வடசென்னையில் குறைந்துகொண்டே வருகிறது என்று மேலிடத்துக்கு ஒரு நாள் தெரிந்துபோயிற்று. சாதாரண மூளை உள்ளவன் என்ன செய்வான்? அம்மைப்பாலையும் ஊசியையும் கொடுத்து இன்னும் நாலு ஆளை அனுப்புவான். மேலிடத்தில் அந்த மாதிரி மூளைக்கெல்லாம் வேலை போட்டுக் கொடுப்பதில்லை. பெற்றோர் தயங்குகிறார்கள், எதனால் தயங்குகிறார்கள் என்று தெரியாமல் ஊசியைத் தொடுவது விஞ்ஞானத்துக்கே விரோதம் என்று தீர்மானித்து, ராயபுரத்தில் ஓர் உப்புக் கிடங்கின் மாடியை வாடகைக்குப் பிடித்து, 'தாய்தந்தையர் தயக்கக் காரண ஆராய்ச்சி மன்றம்' என்று பலகை மாட்டிவிட்டார்கள்.

மன்றத்துக்கு ஆள் வேண்டுமே! வீடு வீடாக ஏறி இறங்கிப் பழகினவர்கள் யார்? அம்மை குத்துகிறவர்கள்தான். அத்தனை பேரையும் கூப்பிட்டு, கையிலிருந்த ஊசியை வாங்கிப் பூட்டிவிட்டுப் பென்சிலைக் கொடுத்தார்கள். அன்றோடு வீடு வீடாகப் போய்க் குத்துவது அடியோடு நின்றது. தயக்கம் காட்டுத்தீயாகப் பரவுகிறது என்று மன்றம் மேலிடத்துக்கு எழுதி, இன்னொரு மாடி கேட்டது.

அவ்வளவு நீளப் பெயரைச் சொல்ல ராயபுரத்துக்கு ஏது நேரம்? தயக்க ஆபீஸ் என்று சுருக்கிக்கொண்டார்கள்.

அந்த ஆபீஸின் வாயில் போய் விழுந்தவன் ஸ்டானிஸ்லாஸ். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறவன். வாயைத் திறந்தால் நாலு வார்த்தை, அதிலும் இரண்டு 'சரி'. முகம் முழுக்க அம்மைத் தழும்பு. சின்ன வயதில் அவனுக்கும் அவன் தம்பிக்கும் ஒன்றாகப் பெரியம்மை கண்டது. தம்பி போய்விட்டான், இவன் தழும்போடு தப்பினான். தன் பெண் ஆலிஸுக்கு, ஒன்றரை வயசுக் குழந்தைக்கு, அம்மை குத்தியாக வேண்டும் என்று உலகத்தில் யாராவது துடித்தார்கள் என்றால் அது அவன்தான்.

பின்னே குத்தாமல் விட்டது எப்படி? எல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை செய்த வேலை.

மன்றம் திறப்பதற்கு முந்தின நாள், மாசானம் என்கிற அம்மை குத்துகிறவர் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஸ்டானிஸ்லாஸ் சப்பரம் தூக்கக் கோயிலுக்குப் போயிருந்தான். அன்று பெரிய வெள்ளி. அந்தத் தெருக் கிறிஸ்தவர்கள் பெரிய வெள்ளியன்று சுவரில் ஆணி அடிக்க மாட்டார்கள், கிழிந்த துணியைத் தைக்க மாட்டார்கள், காலில் முள் ஏறினால்கூட ஊக்கால் எடுக்க மாட்டார்கள். ஆண்டவரை இரும்பால் குத்தின நாளாயிற்றே!

"இன்னிக்கி வாணாம்யா," என்றாள் அவன் மனைவி பிலோமி. குழந்தை அதற்குள் மாசானத்தின் மீசையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. "ஆண்டவருக்கு ஆணி அடிச்ச நாளு. நாளிக்கி வா, ஒயுங்கா குத்திகினு போ. டீ வேற போட்டுத் தரேன்."

மாசானத்துக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அவரிடம் இருந்த காகிதத்தில் இரண்டே கட்டங்கள்: குத்தப்பட்டது, மறுக்கப்பட்டது. நாளைக்கு வரச் சொன்னார்கள் என்பதற்குக் கட்டம் கிடையாது. இரண்டாவதில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'பெரிய வெள்ளி' என்று கிறுக்கிவிட்டு, மறுநாள் வந்து அழித்துக்கொள்ளலாம் என்று போனார். மறுநாள் அவர் கையில் ஊசிக்குப் பதில் பென்சில் இருந்தது.

கத்திரி வெயில் தொடங்கியதும் கடலோரக் குப்பத்தில் அம்மை கண்டது. வலைக்காரன் தேசப்பனின் மகன், நாலு வயசுப் பையன், தங்கவில்லை. செய்தி தெருவுக்கு வந்த அன்று ஸ்டானிஸ்லாஸ் வேலைக்குப் போகவில்லை. ஆலிஸைத் தோளில் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினான். அங்கிருந்த கம்பவுண்டர் பெயரைக் கேட்டார், ஒரு காகிதத்தைப் பார்த்தார், இரண்டடி பின்னால் போனார்.

"நீயா? உன் குழந்தைக்குக் குத்தக் கூடாதுன்னு உத்தரவு. தயக்க ஆபீஸ்ல போய்ச் சீட்டு வாங்கியா."

உப்புக் கிடங்கின் மாடியில் டைரக்டர் நீலமேகம் இருந்தார். தயக்கத்தைப் பற்றிப் படிப்பதற்காகவே கப்பலேறிச் சீமைக்குப் போய் வந்தவர். ஸ்டானிஸ்லாஸ் பெயரைச் சொன்னதும் நாற்காலியை விட்டு எழுந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா அது! உக்காருங்க. ஏன் தயங்கறீங்க?"

"தயங்கல சார். புள்ளய இட்டாந்துகீறேன். குத்தச் சொல்லு சார், போயினே இருக்கேன்."

"தயக்கமே இல்லைங்கறீங்க?"

"இல்ல சார்."

நீலமேகத்தின் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு ஆழமான தயக்கமா இருந்தா, அது இருக்கறதே உங்களுக்குத் தெரியாம இருக்கும்!" என்றார். பிறகு அவன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "தழும்பு வேற. அம்மையை நேரில் பார்த்த பயம். அதனால ஊசியை வெறுக்கறீங்க."

"அம்மையத்தான் சார் வெறுக்கறேன். ஊசி இன்னா பண்ச்சி என்னிய?"

"பாத்தீங்களா, கோபம் வருது."

ஸ்டானிஸ்லாஸுக்கு ஒன்றும் புரியவில்லை. நீலமேகம் பொறுமையாக விளக்கினார். ஆராய்ச்சியில் தயங்கும் பெற்றோரைப் பல பிரிவாகப் பிரித்திருந்தார்கள். அதில் ஏழாம் பிரிவு, சமயக் காரணம் சொல்லி மறுத்த துறைமுகத் தொழிலாளி. ராயபுரம் முழுக்கச் சல்லடை போட்டதில் அந்தப் பிரிவுக்குக் கிடைத்தது ஸ்டானிஸ்லாஸ் ஒருத்தன்தான்.

"உங்க குழந்தைக்குக் குத்திட்டா ஏழாம் பிரிவு காலி. பிரிவு காலியானா அறிக்கை நொண்டி. நொண்டி அறிக்கையைத் தூக்கிக்கிட்டு நான் மேலிடத்துக்கு எந்த மூஞ்சியோட போறது? நீங்களே சொல்லுங்க."

"எப்ப சார் முடியும் இது?"

"ரெண்டு வருஷம். நீட்டிப்பு கிடைச்சா மூணு."

"அதுக்குள்ள எம் புள்ளைக்கி அம்மை வந்துட்டா?"

"கவலையே வேண்டாம். அதுக்குத் தனியா ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்கோம்," என்றார் நீலமேகம்.

வெளியே பெஞ்சில் தேசப்பன் உட்கார்ந்திருந்தான். மொட்டை அடித்த தலை. அவனைக் குப்பத்திலிருந்து யாரும் கூப்பிட்டு வரவில்லை, அவனாகவே வந்திருந்தான். உள்ளே போனவன் பேசினது ஸ்டானிஸ்லாஸுக்கு நன்றாகக் கேட்டது.

"எம் புள்ள ஏன் செத்தான்னு எய்திக்க சார். எங்க குப்பத்துக்கு யாருமே வர்ல. வந்திருந்தா நானே கையப் புடிச்சி நீட்டியிருப்பேன். அத்த எய்து."

பென்சில்காரர் காரணப் பட்டியலில் தேடினார். சமயம் இருந்தது, அச்சம் இருந்தது, அறியாமை, அலட்சியம், மாமியார் எல்லாம் இருந்தன. 'யாரும் வரவில்லை' என்று ஒரு காரணம் இல்லவே இல்லை. நீலமேகத்தைக் கேட்டார்கள். அது பெற்றோருடைய காரணமே அல்லவே என்றார் அவர். "உங்க தயக்கத்தைச் சொல்லுங்கப்பா, எழுதிக்கறோம்." தேசப்பன் சொன்னதையே மறுபடியும் சொன்னான். குப்பம் எப்படியும் ஆராய்ச்சி எல்லைக்கு வெளியே என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். படியிறங்கும்போது அவன் ஆலிஸின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் மேலிடத்துப் பிரமுகர் ஒருவர் வந்தார். ஹால் பிடித்து மேடை போட்டு, ஸ்டானிஸ்லாஸை நடுவில் உட்காரவைத்து, மாலை போட்டுப் போட்டோ எடுத்தார்கள். நீலமேகம் பேசினார்.

"நண்பர்களே! குழந்தைக்கு அம்மை குத்துவது பெரிய வித்தையா? ஒரு கம்பவுண்டர் போதும். ஏன் குத்தவில்லை என்று கண்டறியத்தான் டைரக்டர் வேண்டியிருக்கிறது. நாளைக்கே எல்லாக் குழந்தைகளுக்கும் குத்தி முடித்துவிட்டால் இந்த மன்றத்தின் கதி என்ன? இங்கே வேலை செய்யும் குடும்பங்களின் கதி என்ன? ஆகவே இதோ அமர்ந்திருக்கும் இந்தத் தந்தையின் தயக்கத்தைக் கண்ணின் இமைபோல் காப்போம் என்று உறுதி எடுத்துக்கொள்வோம்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிரமுகர் ஸ்டானிஸ்லாஸுக்குப் பொன்னாடை போர்த்தினார். ஸ்டானிஸ்லாஸ் அவர் காதோடு, "சார், எம் புள்ளைக்கி மட்டும் ஒரு ஊசி..." என்றான். அவருக்குத் தமிழ் தெரியாது. நன்றி சொல்கிறான் போலிருக்கிறது என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இங்கே ஆகாவிட்டால் எண்ணூரில் ஆகாதா? நாலு நாள் கழித்துப் பஸ் ஏறினான். திருவொற்றியூர் டிஸ்பென்சரியில் அவன் போட்டோ ஒட்டியிருந்தது. எண்ணூரிலும் அதே போட்டோ, அதே மாலை. 'இவர் குழந்தைக்கு அம்மை குத்தாதீர்' என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. திருடனுக்குக்கூட இவ்வளவு ஜோராகப் படம் ஒட்ட மாட்டார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதன் குத்துத் தழும்பில்லாத வெறுங்கையையே பார்த்துக்கொண்டு வந்தான். பக்கத்தில் யாராவது இருமினால்கூட அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டான். கடல் ஒரு பக்கம், கம்பெனிச் சுவர்கள் ஒரு பக்கம், நடுவில் எங்கே தப்பி ஓடுவது?

இதற்கிடையில் வீட்டுக்குப் பென்சில்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஊசியைக் கண்டால் என்ன ஞாபகம் வருகிறது என்று பிலோமியைக் கேட்டார்கள். சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தார்கள். ஒரு நாள் ஆலிஸின் முகத்துக்கு நேரே தையல் ஊசியை ஆட்டினார்கள். அவள் சிரித்துக்கொண்டே பிடுங்கப் பார்த்தாள். 'ஆயுதத்தைப் பறிக்க முயற்சி, தாயிடமிருந்து தொற்றிய கடும் எதிர்ப்பு' என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

பிலோமிக்குப் பொறுமை போயிற்று. "பேஜாரா கீதுய்யா. இவனுங்க காலடி படாம இருக்கணும்னா ஒரே வழிதான்," என்றவள், பக்கத்து வீட்டுக் கெங்கம்மா வளர்த்த வேப்பமரத்தில் ஒரு கொத்து ஒடித்து வந்து நிலைப்படியில் செருகினாள்.

அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டினால் அந்தத் தெருவில் சாமி வித்தியாசமெல்லாம் பார்ப்பதில்லை. மாதா படம் மாட்டின வீடானாலும் மாரியாத்தா படம் மாட்டின வீடானாலும் சரி, மூன்று தண்ணீர் ஊற்றி வேப்பிலையை இறக்குகிற வரைக்கும் வெளியாள் வாசற்படி மிதிக்க மாட்டான். இது சும்மாதான் என்று தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் பிலோமி செருகினாள். பென்சில்காரர்கள் தெருமுனையிலேயே வேப்பிலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினார்கள். அன்று மத்தியானம் புருஷனும் பெண்டாட்டியும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

நிம்மதி அவ்வளவுதான். ஆராய்ச்சியிலுள்ள வீட்டில் அம்மை கண்டால், மிச்சமிருக்கும் ஆராய்ச்சி கெட்டுப்போகாமல் சுற்று வீடுகளுக்கு உடனே குத்திவிட வேண்டும் என்று மன்றத்தில் ஒரு விதி இருந்தது. மறுநாள் காலை பூட்டி வைத்த ஊசிகள் வெளியே வந்தன. மாசானமும் மற்றவர்களும் தெருவில் இறங்கினார்கள். நீலமேகம் மட்டும் தெருமுனையில், மூக்கில் கைக்குட்டையோடு நின்றுகொண்டார்.

ஸ்டானிஸ்லாஸுக்கு உயிர் வந்தது. வாசலில் நின்று கத்தினான். "இங்க வாங்க சார்! மொதல்ல எம் புள்ளைக்கி!"

"அம்மை கண்ட குழந்தைக்குக் குத்தக் கூடாது!" என்று முனையிலிருந்து பதில் வந்தது.

"அம்மையே வர்ல சார்! வேப்பல சும்மா கட்னது!"

"சும்மா யாரும் வேப்பிலை கட்ட மாட்டாங்க! மக்களோட நம்பிக்கையை மதிக்கணும்னு எங்க விதியிலேயே இருக்கு!"

"நீயே வந்து பாரு சார், புள்ள ஒடம்புல ஒண்ணுமில்ல!"

"வர முடியாது! வேப்பிலை கட்டியிருக்கு!"

"இதோ, புடுங்கி எறிஞ்சிட்றேன்!"

"தொடாதீங்க!" என்று அலறினார் நீலமேகம். "மூணு தண்ணி ஊத்தாம இறக்கினா தெய்வ குத்தம்!" சீமையில் படித்தவருக்கு நம் சம்பிரதாயத்தில் இவ்வளவு பிடிப்பு இருக்கும் என்று யார் கண்டது!

இடப்பக்க வீடுகளில் குத்தினார்கள். வலப்பக்க வீடுகளில் குத்தினார்கள். எதிர்ச் சாரியில் குத்தினார்கள். தெரு முழுக்கப் பிள்ளைகளின் அழுகை. ஸ்டானிஸ்லாஸ் வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஊர்ப் பிள்ளையெல்லாம் அழுகிறது, தன் பிள்ளை மட்டும் சிரித்துக்கொண்டிருக்கிறதே என்று அவனுக்கு நெஞ்சு வெடித்தது. தம்பியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

அப்போது கொல்லைப்புறச் சுவருக்கு மேலே இரண்டு கைகள் நீண்டன. மீன் விற்கிற கைகள். கெங்கம்மா தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றிருந்தாள்.

"இன்னாடி பாத்துகினு நிக்கற? ஜல்தியா குடு புள்ளய!"

பிலோமி கொடுத்தாள். சத்தம் கேட்டு ஸ்டானிஸ்லாஸும் கொல்லைப்புறம் ஓடி வந்தான். கெங்கம்மா ஆலிஸின் கழுத்தில் கிடந்த மாதா சுரூபத்தைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, நெற்றியில் இத்தனை பெரிய சாந்துப் பொட்டை அப்பி, தன் வீட்டு வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே மாசானம் வந்து நின்றார்.

குழந்தை உடனே எட்டி அவர் மீசையைப் பிடித்துத் தொங்கியது.

மாசானம் குழந்தையைப் பார்த்தார். பக்கத்து வாசல் வேப்பிலையைப் பார்த்தார். வீட்டின் ஊடே, கொல்லைச் சுவருக்கு மேலே தெரிந்த இரண்டு தலைகளையும் பார்த்தார்.

"பேரு?"

"அங்காயி."

"யார் குழந்தை?"

"எம் புள்ளதான். இன்னாத்துக்குக் கேக்கற?"

"புருஷன்?"

"பூட்டாரு."

"எப்போ?"

"அது ஆச்சி பத்து வர்சம். இப்ப குத்தப் போறியா, இல்ல கூடைய எடுக்கட்டா?"

மாசானம் வேறு எதையும் கேட்கவில்லை. கேள்வி கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்துப்போயிருந்தது. அம்மைப்பாலை ஒரு சொட்டு வைத்து, ஊசியைத் திருகினார். ஆலிஸ் தெருவே அதிரும்படி வீறிட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் ஸ்டானிஸ்லாஸ் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் இப்படிச் சிரித்துப் பிலோமி பார்த்ததில்லை.

மூன்று தண்ணீரையும் ஊற்றினதாகச் சொல்லி வேப்பிலையை இறக்கிய அன்றே நீலமேகம் வந்துவிட்டார். கூடவே மேலிடத்துப் பிரமுகர், போட்டோக்காரர், ஊசிப் பெட்டியோடு மாசானம். ஆலிஸின் கையில் அம்மைப்பால் நன்றாகப் பிடித்து, கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அந்தக் கொளுத்துகிற வெயிலில் பிலோமி குழந்தைக்கு முழுக்கைச் சட்டை மாட்டியிருந்தாள்.

"அற்புதம்! முகத்துல ஒரு தழும்புகூட விழாம அம்மை இறங்கியிருக்கு," என்றார் நீலமேகம். "வந்து போனதுக்கப்புறம் குத்தத் தேவையே இல்லை. ஆனா இவர் ஊர்லேர்ந்து தயக்கத்தைக் கண்ணால பார்க்க வந்திருக்கார். மாசானம், ஊசியைக் கையருகே கொண்டு போங்க. மிஸ்டர் ஸ்டானிஸ்லாஸ், நிஜமா குத்த மாட்டோம். குழந்தையோட சட்டைக் கையை மட்டும் சுருட்டி விடுங்க. அப்ப உங்க மனசுல என்ன தோணுதோ அதைச் சொல்லணும்."

சட்டையைச் சுருட்டினால் பொருக்கு தெரியும். மாசானத்தின் வேலை போகும். கெங்கம்மாவை எந்த ஸ்டேஷனில் உட்காரவைப்பார்களோ! மாசானத்தின் நெற்றியில் வேர்வை ஓடியது. ஊசி நெருங்கி வந்தது.

"வாணாம் சார்," என்றான் ஸ்டானிஸ்லாஸ். குழந்தையை இழுத்து மார்போடு இறுக்கிக்கொண்டான். "எனுக்கு... எனுக்குத் தயக்கமா கீது சார்."

நீலமேகம் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். பிரமுகர் கைதட்டினார். போட்டோக்காரர் இரண்டு படம் எடுத்தார். மாசானம் ஊசிப் பெட்டியை மூடின வேகத்தில் விரலை நசுக்கிக்கொண்டார்.

போகும்போது பிரமுகர் பிலோமியின் மேடிட்ட வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு நீலமேகத்திடம் என்னவோ இங்கிலீஷில் சொன்னார். நீலமேகத்தின் முகம் மலர்ந்தது.

"வாழ்த்துகள்மா! அடுத்த குழந்தையும் வரப்போகுதாமே. அதையும் ஏழாம் பிரிவுல சேர்த்துக்கச் சொல்றார். மன்றத்துக்கு அஞ்சு வருஷம் நீட்டிப்பு!"

அவர்கள் தெருமுனை தாண்டுகிற வரைக்கும் பிலோமி வாசலில் நின்று பார்த்தாள். பிறகு குழந்தையின் சட்டைக் கையை மெல்லச் சுருட்டி, பொருக்கைச் சுற்றி வாயால் ஊதிக்கொண்டே, கொல்லைப்புறச் சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"கெங்கம்மாக்கா! கேட்டியா? இதுவும் பொறக்கறப்பவே உன் வூட்டுப் புள்ளதான்!"

சுவருக்கு அந்தப் பக்கம் மீன் கூடையைத் தொப்பென்று வைக்கிற சத்தம் கேட்டது.

"அடிப் பாவி! தாலியறுத்துப் பத்து வர்சம் ஆனவளுக்கு இன்னும் எத்தினி புள்ளடி!"